ரஷ்ய மொழியும் வட்டாரப் பண்பாடும் பட்டப்படிப்பாகப் படிக்க: ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து எப்படித் தயாராவது?

கீழக்கரைக் கிளிஞ்சல் கேட்டது:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ, வரலாறு குரூப். ரஷ்ய மொழியும் அந்த நாட்டு வட்டாரப் பண்பாடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறாள். ராமநாதபுரத்தில் விசாரித்தால் எல்லா ஏஜென்ட்டும் "ரஷ்யாவா? எம்பிபிஎஸ் சீட்டு இருக்கு" என்றே ஆரம்பிக்கிறார்கள். மொழிப் படிப்பு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எங்கே படிக்கலாம், இந்தியாவிலா அங்கே போயா? தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ரஷ்யன் எவ்வளவு கஷ்டம்? "வட்டாரப் பண்பாடு" என்று என்னதான் சொல்லித் தருகிறார்கள்? தஸ்தாவேஜு வேலையில் எங்கே மாட்டிக்கொள்வார்கள்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓலைச்சுவடி பதில்:

தம்பி, நம் மாவட்டக் கல்லூரிகளில் ரஷ்யனைப் பட்டப்படிப்பாக எதிர்பார்க்க வேண்டாம். சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்பு நடக்கிறது. ஆனால் அது பட்டம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு வகுப்புக்காகச் சேது எக்ஸ்பிரஸில் போய்வருவதும் நடக்கிற காரியமில்லை.

பட்டம் என்றால் டெல்லி ஜேஎன்யூ (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்). அங்கே ரஷ்யன் பி.ஏ. ஆனர்ஸ் எழுத்திலிருந்தே தொடங்குகிறது, முன்னால் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத் இஃப்லு என்ற ஆங்கில, வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ரஷ்யன் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ரஷ்யத் துறை இருக்கிறது. தென்கோடியில் இருப்பவர்களுக்கு அதுதான் கிட்டம். ஜேஎன்யூவுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், அதைத் தமிழிலும் எழுதலாம். எந்தெந்தத் தாள் எடுக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பத்தில் டிக் அடியுங்கள். தவறான தாளை எடுத்துவிட்டால் மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் அந்தப் படிப்புக்குக் கணக்கில் வராது.

ரஷ்யாவுக்கே போவதென்றால், படிப்பின் பெயரைவிட அதன் எண்ணைக் கவனியுங்கள். ஏமாறுவது இங்கேதான். 45.03.01 என்றால் ஃபிலலோகியா, அதாவது மொழியும் இலக்கியமும். 45.03.02 லிங்விஸ்திகா, மொழிபெயர்ப்பு, மொழி கற்பித்தல் பக்கம் போகும். "ரெகியனவேதெனியே" என்ற வட்டாரவியலைத் தேடினால் இரண்டு வரும். 41.03.01 என்பது "வெளிநாட்டு" வட்டாரவியல். ரஷ்யப் பிள்ளைகள் இந்தியாவையோ சீனாவையோ படிப்பதற்கானது. தங்கச்சி தேடுவது 41.03.02, "ரஷ்யாவின் வட்டாரவியல்". இரண்டுக்கும் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். 41.03.01-இல் சேர்ந்துவிட்டால் நாலு வருஷம் உட்கார்ந்து ரஷ்ய மொழியில் இந்தியாவைப் பற்றியே படிக்க வேண்டி வரலாம்! நடுவில் 03 இருந்தால் இளங்கலை, 04 இருந்தால் முதுகலை.

41.03.02 எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்காது. கிடைக்காவிட்டால் 45.03.01-இல் "வேற்று மொழியாக ரஷ்யன்" என்ற பிரிவை எடுக்கலாம். அதற்குள்ளேயே நாட்டியல் (அந்த நாட்டைப் பற்றிய பாடம்), மொழிவழி நாட்டியல் என்று தாள்கள் வரும்.

அங்கே இளங்கலை 4 வருஷம். மொழி தெரியாமல் போனால் அதற்கு முன்னால் ஆயத்த வகுப்பு ஒரு வருஷம். அந்த வருஷம் பட்டத்தில் சேராது. என் யோசனை, பி.ஏ.வை இங்கே முடித்து, முதுகலை 2 வருஷத்துக்கு அங்கே போவதுதான். 17 வயதில் மொழி தெரியாமல் இறங்குவதைவிட 20 வயதில் பேசத் தெரிந்து இறங்குவது மேல்.

---

மெய்யெழுத்து பதில்:

ஓலைச்சுவடி சொன்ன கடைசி வரியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயத்த வகுப்பில் பத்து மாதம், நாள் முழுக்க ரஷ்யன் மட்டுமே ஓடும். இங்கே மூன்று வருஷத்தில் வருகிற பேச்சுப் பழக்கம் அங்கே ஒரு குளிர்காலத்தில் வந்துவிடும். அது குடும்பத்தின் முடிவு, விடுங்கள். நான் மொழிக்கு வருகிறேன்.

தமிழ்ப் பிள்ளைக்கு ரஷ்யன் கஷ்டம் என்பது பாதிதான் உண்மை. ஆங்கிலம் வழியாகப் படித்தால்தான் அது கஷ்டம். "ஓன் உச்சீத்தெல்" என்றால் "அவர் ஆசிரியர்". நடுவில் "இருக்கிறார்" கிடையாது, தமிழைப் போலவே. ஆங்கிலத்தின் ஏ, தி போன்ற சங்கதிகளும் இல்லை. "ம்னெ த்வாத்சத் லெத்" என்பது சொல்லுக்குச் சொல் "எனக்கு இருபது வயது". "ம்னெ ஹோலதன", எனக்குக் குளிர்கிறது. "ம்னெ ந்ராவித்ஸ", எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் இந்த "எனக்கு"வைப் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் எடுப்பார். நமக்கு அது நான்காம் வேற்றுமை, அவ்வளவுதான்.

ரஷ்யனில் வேற்றுமை ஆறு. "ரசீது வாங்கினேன்", ஆனால் "தம்பியைக் கூப்பிட்டேன்" என்கிறோம் அல்லவா? அஃறிணைக்கு ஐ விழுந்துவிடலாம், உயர்திணைக்கு நிற்கிறது. ரஷ்ய ஆண்பால் பெயர்களிலும் இதே கதை: உயிரற்றதற்கு இரண்டாம் வேற்றுமையில் சொல் மாறாது, உயிருள்ளதற்கு மாறும். மேசை "ஸ்தோல்", மேசையைப் பார்க்கிறேன் என்றாலும் "ஸ்தோல்". அண்ணன் "ப்ராத்", அண்ணனைப் பார்க்கிறேன் என்றால் "ப்ராத்தா". கவனம், அங்கே மீனும் மாடும்கூட உயிருள்ள வகையில் சேரும். திணை அல்ல, உயிர்தான் கணக்கு.

இனி எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கவே படிக்காதீர்கள். (இங்கே நான் எழுதுவது விளக்கத்துக்காக மட்டும்.) வீடு, நூல் தொகுதி இரண்டையும் தமிழில் எழுதினால் "தோம்". பீப்பாய், சிறுநீரகம் இரண்டும் "போச்க". விருந்தாளியும் எலும்பும் "கோஸ்த்". ஒலிப்புள்ள (தொண்டை அதிரும்) வல்லினமும் ஒலிப்பில்லாத வல்லினமும் அங்கே வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். நமக்கு இடத்தைப் பொறுத்துத் தானாக மாறும். அதனால் நம் பிள்ளைகள் சொல் முதலில் வரும் ப-வைச் சரியாகச் சொல்லிவிட்டு, நடுவில் வரும் ப-வை மெல்லியதாக்கிவிடுவார்கள். முதல் மாதமே இப்படிப்பட்ட சொற்களை இரண்டிரண்டாக, ஒரு நாளைக்கு 20 ஜோடி சத்தமாகப் படித்துப் பதிவு செய்து கேட்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு திருந்தாது.

அடுத்தது மென்மெய், அதாவது ய சாயல் கலந்து ஒலிக்கும் மெய்; அது இல்லாதது வன்மெய். மூலை "ஊகல்", நிலக்கரியும் "ஊகல்"தான், கடைசி ல மட்டும் மென்மையானது. ரஷ்ய வன்-ல-வுக்கு நம்மவர்கள் ள-வைப் போடுகிறார்கள். தவறு. ள-வுக்கு நாக்கு நுனி மேலே மடங்கும். ரஷ்ய வன்-ல-வுக்கு நுனி பல்லருகே நிற்க, நாக்கின் பின்பகுதி எழும். மென்-ன என்றால் கிட்டத்தட்ட நம் ஞ, அது பரிசாகவே வந்துவிட்டது. எல்லோரும் பயப்படும் அந்த "ஊ"வுமில்லாத "ஈ"யுமில்லாத உயிரெழுத்துக்கு, "அது", "காது" என்று பேச்சில் முடிக்கும்போது வரும் குற்றியலுகரத்திலிருந்து தொடங்குங்கள். உதடு குவியாத அந்த உ-வை இன்னும் சற்று முன்னே தள்ளினால் வந்துவிடும். அது வராவிட்டால் எலிக்குட்டி கரடிக்குட்டி ஆகிவிடும்: இரண்டும் "மிஷ்க" போலவே கேட்கும்.

அழுத்தம் தமிழில் பொருளை மாற்றாது. அங்கே மாற்றும். "மூக்க" வேதனை, "முக்கா" மாவு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. அழுத்தம் விழாத ஓ, ஆ ஆகிவிடும். பாலுக்கு மூன்று ஓ எழுதி "மலக்கோ" என்பார்கள். எனவே சொல்லை நோட்டில் எழுதும்போதே அழுத்தக்குறியும் போட்டு எழுத வேண்டும். அழுத்தம் தெரியாத சொல் தெரியாத சொல்தான்.

பால் பாகுபாட்டில் ஒரு வேடிக்கை. நமக்கு "படித்தான், படித்தாள்" என்று படர்க்கையில் பால் தெரியும், "படித்தேன்" என்பதில் தெரியாது. ரஷ்யனில் இறந்தகால ஒருமை முழுக்கப் பால் காட்டும், தன்மையிலும்கூட: ஆண் "யா சித்தால்", பெண் "யா சித்தாலா". நிகழ்காலத்திலோ அவனுக்கும் அவளுக்கும் ஒரே வடிவம். ஆண் ஆசிரியரைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லும் பெண் பிள்ளைகள் தன்னை ஆணாக்கிக்கொள்வது வாரா வாரம் நடக்கும்.

வினையில் இரட்டை வடிவம் உண்டு. "படித்தேன்", "படித்துவிட்டேன்" என்ற வேறுபாட்டை வைத்துத் தொடங்கினால் முக்கால்வாசி புரியும். "விடு" எல்லா இடத்திலும் பொருந்திவிடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போதல் என்ற வினைதான் மிகப் பெரிய பள்ளம்: நடந்தா வண்டியிலா, ஒருவழியா போய்வருவதா என்று நாலு சொல். ஆனால் ரயிலுக்கும் கப்பலுக்கும் "நடக்கிற" வினையைப் போடுவார்கள். அந்த நாட்டு மாலுமிகளும் கடலில் "மிதந்தோம்" என்று சொல்ல மாட்டார்கள், "கடலுக்குப் போனோம்" என்றுதான் சொல்வார்கள். பாம்பன், மண்டபம் பக்கம் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை: 1 படகு "லோத்க", 2 முதல் 4 வரை "லோத்கி", 5 முதல் 20 வரை "லோதக்". 21 வந்ததும் மறுபடி ஒருமை, "லோத்க". 11-ஐ ஒருமை என்று நினைத்துப் போடுவது எல்லோரும் செய்யும் பிழை.

தேர்வு விவரம்: ரஷ்ய மொழித் தேர்வுக்கு ஆறு படி. தொடக்கநிலைக்கு சுமார் 780 சொல், அடிப்படைநிலைக்கு 1300, முதல் சான்றிதழ் நிலைக்கு 2300. இளங்கலையில் நுழைய இந்த முதல் சான்றிதழ் நிலையையும், பட்டத்தோடு வெளியே வரும்போது இரண்டாம் சான்றிதழ் நிலையையும் எதிர்பார்ப்பார்கள். சொல்-இலக்கணம், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் 66 சதவீதம் வேண்டும். ஒன்றில் மட்டும் 60 வரை இறங்கினால் விடுவார்கள். இலக்கணத்தில் 95 எடுத்தவர் கேட்டலில் 55 எடுத்துத் தோற்பது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம்; மனப்பாடம் கேட்டலைக் காப்பாற்றாது. மாஸ்கோவில் இருக்கும் புஷ்கின் கழகம் (1966-இல் தொடங்கியது) இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. தினமும் 30 நிமிடம் கேட்டல் மட்டும் அதில் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கையெழுத்து. அச்சில் இருக்கும் த எழுத்து, கையெழுத்தில் ஆங்கில எம் போல இருக்கும். ப எழுத்து என் போல இருக்கும். ஆசிரியர்கள் பலகையில் கையெழுத்தில்தான் எழுதுவார்கள். முதல் இரண்டு வாரத்தில் 33 எழுத்தையும் நாலு கோடு நோட்டில் பழகிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

---

கீழக்கரைக் கிளிஞ்சல்:

மெய்யெழுத்து அக்கா, "கோஸ்த்" கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பண்பாட்டுப் பகுதியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அவளுக்கு அதில்தான் ஆசை. வெறும் தேவாலயமும் பாலே நடனமும்தானா?

---

சோழகக்காத்து பதில்:

அப்படித்தான் முதல் பருவம் தொடங்கும். அதோடு நிறுத்தினால் அது சுற்றுலாக் கையேடு, வட்டாரவியல் இல்லை.

முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துப் பழக வேண்டும். "ருஸ்கி" என்றால் ரஷ்ய இனம், ரஷ்ய மொழி. "ரசீஸ்கி" என்றால் ரஷ்ய நாடு, அதன் குடிமக்கள். தமிழில் இரண்டையும் "ரஷ்ய" என்றே எழுதிவிடுகிறோம். தாத்தார் என்ற இனத்தைச் சேர்ந்த ஒருவரை "ருஸ்கி" என்று எழுதினால் தாளில் சிவப்புக் கோடு விழும். அவர் "ரசீஸ்கி", ஆனால் ருஸ்கி இல்லை. அந்த நாட்டில் 190-க்கு மேல் இனங்கள், குடியரசுகளுக்குத் தனித்தனி ஆட்சிமொழிகள். இந்த வேறுபாடு தெரியாமல் அங்கே வட்டாரம் என்று பேச ஆரம்பிக்கவே முடியாது.

கட்டுரைக்கும் ஆய்வுக்கும் தலைப்பு தேடும்போது, நம் கரையில் கால் வைத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். டெல்லிப் பிள்ளையும் மாஸ்கோப் பிள்ளையும் பார்க்க முடியாததை இவள் பார்ப்பாள். இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, ரஷ்யாவின் வடக்கே இருக்கும் வெள்ளைக் கடல் கரை. அங்கே வாழ்கிற மீனவ மக்களுக்குப் பொமோர் என்று பெயர், "கடலோரத்தார்" என்ற பொருளில். ரஷ்ய அறிவியலாளரும் கவிஞருமான லமனோசவ் 1711-இல் பிறந்ததும் இப்படிப்பட்ட ஒரு மீனவக் குடும்பத்தில்தான். ஆர்கங்கெல்ஸ்கில் இருக்கும் வடக்குப் பல்கலைக்கழகம் அவர் பெயரில் இருக்கிறது. 1703-இல் பீட்டர்ஸ்பர்க் எழும்வரை வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அந்த ஊர்தான் வாசல். நம் கடலோடிகள் சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல அவர்களிடமும் பட்டியல் உண்டு: தென்மேற்குக் காற்று "ஷெலோனிக்", தென்கிழக்கு "அபேத்னிக்", வடகிழக்கு "பலுனோஷ்னிக்", வடமேற்கு "பபெரேஷ்னிக்". அபேத்னிக் மதிய உணவு நேரத்துச் சூரியன் நிற்கும் திசையிலிருந்து வருவது. பலுனோஷ்னிக் நள்ளிரவுத் திசைக் காற்று. ஷெலோனிக்தான் சுவையானது. ஷெலோன் என்பது நோவ்கரத் என்ற பழைய ரஷ்ய நகரத்துப் பக்கத்து ஆறு, அந்த ஊர் ஏரிக்குத் தென்மேற்கில் வந்து சேர்வது. நோவ்கரத்திலிருந்து வடக்கே குடியேறியவர்கள் ஆற்றை விட்டுவிட்டுக் காற்றின் பெயரை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். வெள்ளைக் கடலில் அந்த ஆறு கிடையாது. ஒரு சொல்லை வைத்து ஒரு குடிப்பெயர்ச்சியையே காட்டலாம். வட்டாரவியல் ஆசிரியர்கள் எதிர்பார்ப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

வற்றுக்கடலுக்கு "குய்பகா", கரையிலிருந்து எட்டத்துக் கடலுக்கு "கோலம்யா", நீர் வற்றினால் தெரியும் சேற்றுக்கு "ந்யாஷா", பாறைத்திட்டுக்கு "லூதா". இவற்றை வழக்கமான அகராதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1863 முதல் 1866 வரை வெளிவந்த, தால் என்பவர் தொகுத்த பெரிய அகராதியில் வட்டாரச் சொற்கள் நிறைய. 1885-இல் வந்த ஆர்கங்கெல்ஸ்க் வழக்கு அகராதியும் இணையத்தில் ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது. பழைய எழுத்துமுறையில் இருக்கும். சொல் இறுதியில் வன்குறி என்ற ஒலியில்லாத எழுத்து ஒன்று தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து மிரளாமல் விட்டுவிட்டுப் படிக்கலாம். ரஷ்யத் தேசிய மொழித்தொகுப்பில் வட்டார வழக்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சொல்லைப் போட்டால் வாக்கியத்தோடு வரும்.

பாசியும் ஒரு தலைப்பு. நம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கிறார்கள், அகர் (உறையவைக்கும் பொருள்) செய்ய அது போகிறது. வெள்ளைக் கடலில் சலவேத்ஸ்கித் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து ஆர்கங்கெல்ஸ்க் ஆலையில் அகர் காய்ச்சிய வரலாறு உண்டு. யார் எடுக்கிறார்கள், எந்த மாதத்தில், எந்தக் கருவியால், காயவைப்பது எப்படி, விலை வைப்பது யார் என்று ஐந்து கேள்வியை இரண்டு கரையிலும் கேட்டாலே முப்பது பக்கம் வந்துவிடும்.

இரண்டாவது வழி கீழக்கரைக்காரர்களுக்கே உரியது. வோல்காக் கரையில் கஸான், தாத்தார்களின் தலைநகர். அந்தக் கரையில் முன்னால் வாழ்ந்த பல்கேர் இன மக்கள் 922-இல் இஸ்லாத்தை ஏற்றவர்கள். தாத்தார் மொழியை 1920-கள் வரை அரபு எழுத்தில் எழுதினார்கள், பிறகு லத்தீன், 1939 முதல் ரஷ்யனுக்குப் பயன்படும் கிரில் எழுத்து. உங்கள் ஊர் அரபுத்தமிழ் ஏடுகளை நினைத்துப் பாருங்கள். தன் மொழி ஒலிக்கு அரபு எழுத்தில் எங்கே புள்ளி கூட்டினார்கள், எது நின்றது, எது மறைந்தது என்று ஒப்பிட, தங்கச்சிக்கு அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 1804-இல் தொடங்கிய கஸான் பல்கலைக்கழகம் கீழைமொழி ஆய்வுக்குப் பெயர் போனது.

செய்யக் கூடாதது ஒன்று. ஒற்றுமையை மட்டும் அடுக்கி "நாமும் அவர்களும் ஒன்றே" என்று முடிக்கக் கூடாது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் மதிப்பெண். அவர்கள் கடல் பல மாதம் உறைந்து கிடக்கும். நம் கடலில் தடைக்காலம் அரசு போடுவது. ஆர்கங்கெல்ஸ்கில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 4 மணி நேரம்தான். வலை பின்னுவதும் கதை சொல்வதும் பாட்டும் அந்த இருட்டுக்குள் வளர்ந்தவை.

படிக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட பழைய மொழிபெயர்ப்புகள் நம் ஊர் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இன்னும் கிடக்கின்றன. ஒரு சிறுகதையைத் தமிழில் படித்துவிட்டு அதே கதையின் ரஷ்ய மூலத்தைப் பத்தி பத்தியாக வைத்துப் பாருங்கள். இரண்டாம் வருஷத்துக்கு முன்னால் இதைத் தொட வேண்டாம், அலுத்துவிடும்.

---

ஓலைச்சுவடி:

அகராதி என்றதும் சொல்ல மறந்தது: தமிழ்-ரஷ்ய அகராதி 1960-இலும் ரஷ்ய-தமிழ் அகராதி 1965-இலும் மாஸ்கோவில் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 1965-க்குப் பிறகு வந்த சொல் எதுவும் இருக்காது. பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ இரண்டிலும் தமிழ் கற்பித்த மரபு உண்டு. ரஷ்ய அறிஞர் மெர்வார்த் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணம் 1929-இலேயே லெனின்கிராதில் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) வந்துவிட்டது. தமிழ் படிக்கிற அந்த நாட்டு மாணவரோடு வாரம் ஒரு மணி நேரம், பாதி தமிழ் பாதி ரஷ்யன் என்று பேசிப் பழகினால் இரண்டு பேருக்கும் லாபம்.

---

முத்திரைத்தாள் பதில்:

தஸ்தாவேஜு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சிக்கல் எல்லாம் பெயரில்தான்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் எல்லாம் ஒரே கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ரஷ்யப் படிவத்திலோ மூன்று கட்டம்: குடும்பப் பெயர், தன் பெயர், தந்தைவழிப் பெயர். மூன்றாவதைப் பார்த்ததும் "நம் அப்பா பெயர்தானே" என்று நிரப்பிவிடுவார்கள். நிரப்பக் கூடாது. இவான் மகன் இவானவிச், மகள் இவானவ்னா என்று அவர்கள் வைப்பது சட்டப்படியான பெயரின் பகுதி. நம் பாஸ்போர்ட்டில் அப்படி ஒன்று இல்லை, எனவே காலியாக விட வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்னாலேயே பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்குவது நல்லது. மதிப்பெண் பட்டியலும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும்.

(வகுப்பில் ஆசிரியரைக் கூப்பிடும்போது மட்டும் பெயரோடு தந்தைவழிப் பெயரும் சேர்த்தே கூப்பிட வேண்டும். வெறும் பெயர் சொல்வது மரியாதைக் குறைவு. சார், மேடம் அங்கே செல்லாது.)

அடுத்தது கிரில் எழுத்தில் பெயர். ஆங்கிலத்தில் ழ-வுக்குப் போடும் இரண்டெழுத்தைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பாளர் ரஷ்ய "ஷ-ஜ" நடுவொலி எழுத்தைப் போட்டுவிடுவார். யாழினி "யாஜினி" ஆகிவிடுவாள். டி-ஹெச் என்பதை ஒருவர் த என்றும் இன்னொருவர் த-வும் ஹ-வுமாகவும் எழுதுவார். உங்கள் ஊரில் ஃபாத்திமா என்ற பெயரை டி-ஹெச் போட்டே எழுதுகிறார்கள், ரஷ்யாவில் அந்தப் பெயருக்கு வேறு வழக்கமான எழுத்து இருக்கிறது. சான்றிதழ் மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி இருந்தால் சேர்க்கையில் நிறுத்திவிடுவார்கள். விசாவுக்கு அடிப்படை பல்கலைக்கழகம் அனுப்பும் அழைப்பிதழ். அதில் எந்த எழுத்தோ அதுதான் விசாவிலும் வரும். எனவே விண்ணப்பத்திலேயே கிரில் வடிவத்தை எழுதிக் கொடுங்கள், அழைப்பிதழ் வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், மொழிபெயர்ப்பாளரிடம் அதன் நகலைக் கொடுத்து "இப்படியே போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

வரிசை இதுதான்: மதிப்பெண் பட்டியலுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று முத்திரை), அதற்குப் பின்னால்தான் ரஷ்ய மொழிபெயர்ப்பும் நோட்டரியும். முதலில் மொழிபெயர்த்துவிட்டு அப்போஸ்தில் வாங்கினால், முத்திரையில் இருப்பது மொழிபெயர்ப்பில் வராது, இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டும். அசலை லேமினேட் செய்யாதீர்கள். பின்புறம் முத்திரை ஒட்ட முடியாமல் போய்விடும்.

ரஷ்ய அரசின் உதவித்தொகைக்கு அவர்களுடைய கல்வித் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் தேவையில்லை. பல்கலைக்கழகங்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தச் சொல்வார்கள். எல்லாவற்றையும் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் என்று போட்டால் போட்டியிலேயே அடிபடும். கஸான், ஆர்கங்கெல்ஸ்க், வரோனெஷ் போன்றவற்றையும் கலந்து போடுங்கள். கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை. மாதாமாதம் வரும் தொகை மிகச் சிறியது, சாப்பாட்டுக்கே போதாது. விமானச் செலவு, காப்பீடு, விடுதி வாடகை எல்லாம் நம் கணக்கு.

விசாவுக்கு எச்ஐவி இல்லை என்ற சான்று வேண்டும். போய் இறங்கியதும் விமான நிலையத்தில் தரும் குடியேற்றச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும், அது போனால் பெரிய அலைச்சல். 7 வேலை நாளுக்குள் தங்குமிடப் பதிவு ஆக வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் செய்யும், ஆனால் பாஸ்போர்ட்டை அவர்களிடம் முதல் நாளே கொடுப்பது மாணவர் பொறுப்பு. கைரேகை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றையும் முதல் வாரங்களிலேயே முடித்துவிட வேண்டும். முதல் விசா குறுகிய காலத்துக்கு வரும், அங்கேயே நீட்டிக்க வேண்டும். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

2022 மார்ச் முதல் ரஷ்யாவுக்கு வெளியே கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. முதல் மாதச் செலவுக்கு ரொக்கம் கையில் இருக்க வேண்டும். அங்கே கணக்குத் திறந்து "மீர்" என்ற ரஷ்ய உள்நாட்டு அட்டை வாங்கும்வரை அதுதான் கதி.

கடைசியாக, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வேலை, கூடுதல் சம்பளம் என்று சொல்லி ராணுவ ஒப்பந்தத்தில் இந்தியர்கள் சிக்கியது நடந்திருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவைத் தவிர வேறு யார் நீட்டும் தாளாக இருந்தாலும் சரி.

---

உவரித்தோணி பதில்:

வேலை பற்றி யாரும் சொல்லவில்லையே. கூடங்குளத்தில் ரஷ்ய உலைகள், 1000 மெகாவாட் வகை, இரண்டு ஓடுகின்றன, மற்றவை கட்டுமானத்தில். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் இலக்கியம் மட்டும் படித்தவரை எடுத்தால் வால்வு, ஃபிளாஞ்ச், வெல்டிங் வரைபடம் வந்ததும் திணறுவார். தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு என்று ஒரு விருப்பத்தாள் இருந்தால் கட்டாயம் எடுக்கட்டும். ஆவடி டாங்கித் தொழிற்சாலை, மருந்து ஏற்றுமதி நிறுவனங்கள், சென்னை-விளாதிவஸ்தோக் கப்பல் வழி ஆகியவையும் கவனிக்கத் தக்கவை. ரஷ்யத் தட்டச்சு, அவர்கள் விசைப்பலகை வரிசையிலேயே, இரண்டாம் வருஷத்துக்குள் பழக வேண்டும். ஆங்கில ஒலி வரிசையில் தட்டுகிறவர்கள் எப்போதும் மெதுவாகவே இருக்கிறார்கள்.

---

கீழக்கரைக் கிளிஞ்சல்:

எல்லோருக்கும் நன்றி. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கூடங்குளம் என்றதும் கொஞ்சம் சமாதானம். தங்கச்சி உடனே ஒரு சந்தேகம் கேட்கிறாள்: "ராமேஸ்வரத்திலிருந்து", "பாம்பன் தீவிலிருந்து" என்று தமிழில் ஒரே "இலிருந்து". ரஷ்யனில் பெயருக்கு முன்னால் தனியாக வரும் முன்னிடைச்சொல் மூன்று இருக்கிறதாமே, எதைப் போடுவது?

---

மெய்யெழுத்து:

நல்ல கேள்வி. "எங்கே இருந்தாய்?" என்பதற்கு எந்த முன்னிடைச்சொல் வந்ததோ, அதற்கு ஜோடியானதுதான் "எங்கிருந்து"வுக்கும் வரும். ஊர் என்றால் அதற்குள் இருப்பது, "வ்". அதன் ஜோடி "இஸ்". ஆகவே ராமேஸ்வரத்திலிருந்து "இஸ் ராமேஷ்வரமா". தீவு என்றால் அதன் மேல் இருப்பது, "ந". அதன் ஜோடி "ஸ்". தீவிலிருந்து "ஸ் ஓஸ்த்ரவா". ஆளிடமிருந்து வந்தால் மூன்றாவது, "அத்": அக்காவிடமிருந்து "அத் செஸ்த்ரீ". மூன்றுக்குப் பிறகும் பெயர் ஆறாம் வேற்றுமையில் வரும். சந்தையும் ரயில் நிலையமும் கட்டடமாக இருந்தாலும் "ந" பக்கம்தான் சேரும், அவற்றைத் தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், குருசடைத் தீவு, மண்டபம் ரயில் நிலையம், மீன் சந்தை, தாத்தா. இந்த ஏழுக்கும் "எங்கே, எங்கிருந்து" இரண்டையும் எழுதி இங்கே போடட்டும், திருத்தித் தருகிறேன்.